பரணிக்குள் கேட்ட சத்தம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிப் பழகியவள் அல்ல. பத்தாம் வகுப்பு வரைதான் படித்தேன், அதுவும் மலையாளத்தில். தமிழ் எழுத்தை அம்மா வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தாள். கிழித்த தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிப் பழகியதற்கு மேல் எனக்குப் பயிற்சி கிடையாது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே தயங்குகிறவள், நாலு பேர் படிக்கட்டும் என்று எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரணம் என் மகன். போன மாதம் அவன் எங்கள் வீட்டு மேசைமேல் ஒரு கடல் செய்தான். இரண்டு சாண் நீளத்தில் கண்ணாடித் தொட்டி, அதன் மேல் நீல விளக்கு, சின்ன மோட்டார், உப்பை அளக்க ஒரு கருவி. எர்ணாகுளத்துக் கடையில் பவழப் பூச்சிகள் ஒட்டிய கல் ஒன்றை வாங்கி வந்து உள்ளே வைத்தான். தண்ணீர் ஒரு விரல்கடை இறங்கியிருப்பதைப் பார்த்து நான் கிட்டே போனேன். "அம்மா, கைய வைக்காதே, இதொண்ணும் உனக்குத் தெரியாது" என்றான். எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் முழுவதையும் சொல்ல வேண்டியிருக்கும். பேசுவதைவிட எழுதுவது எனக்குச் சுலபம்.

அப்போது எனக்குப் பத்து வயது. கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குப் பண்டகசாலையின் மாடியில் குடியிருந்தோம். அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் இங்கே வந்தவர். மூட்டைகளை எடை போடுவது அவர் வேலை. அதோடு பண்டகசாலையின் சாவியும் அவரிடம்தான் இருந்தது. காலை ஏழு மணிக்குத் திறப்பதும் சாயங்காலம் பூட்டுவதும் அவர்தான். சாவி வைத்திருக்கிறவர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றுதான் முதலாளி மாடியைக் கொடுத்திருந்தார். வாடகை கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. மாடியில் தண்ணீர் கூடாது.

இதைக் கேட்டால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். மாடித் தளம் மரப்பலகை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு உண்டு. குப்புறப் படுத்து ஒரு கண்ணை இடுக்கில் வைத்தால் கீழே அடுக்கியிருக்கும் சாக்குமூட்டைகள் தெரியும். சுக்கில் ஈரம் பட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். ஒரு மூட்டையில் பிடித்தது பக்கத்து மூட்டைக்கும் போகும். அதனால் எங்களுக்குச் சமையல், குளியல், துவையல் எல்லாம் கீழே கொல்லைப்புறக் கொட்டகையில். மேலே குடிக்கத் தண்ணீர் உள்ள ஒரு குடம் மட்டும் இருக்கும். அதுவும் தாம்பாளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அம்மா ஈரத்துணி போட்டுத் தரை துடைத்ததே இல்லை. மழையில் நனைந்து வந்தால் கொட்டகையிலேயே பாவாடையை மாற்றிக்கொண்டுதான் படியேற வேண்டும். இந்தச் சட்டத்தை அப்பா ஒருநாளும் மீறியதில்லை. வெயில் காலத்தில் தலைமாட்டில் ஒரு சொம்புகூட வைத்துக்கொள்ள மாட்டார்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள் கடலைக் கொண்டு வந்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. லட்சத்தீவுக்குப் போகும் கப்பலில் சமையல்கட்டில் வேலை. மாதம் ஒருமுறையோ இருமுறையோ கரைக்கு வந்தால் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்குவார். அவர் வந்தால் அம்மாவின் குரல் ஒரு சுருதி ஏறும், அப்பாவின் பேச்சு பாதியாகக் குறையும். அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது. பிடிக்கவில்லை என்று சொன்னதும் கிடையாது. மாமா சிரித்தால் அப்பா எழுந்து கீழே போய்விடுவார், அவ்வளவுதான்.

அந்த முறை, கிறிஸ்துமஸ் விடுமுறை முடியும் நேரம், மாமா கையில் ஓர் எண்ணெய் டின்னோடு வந்தார். வாய் ஈரச்சாக்கால் மூடியிருந்தது. அப்பா கீழே இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டு சாக்கை விலக்கினார். உள்ளே கடல் தண்ணீர். அதற்குள் உரித்த தேங்காய் அளவில் ஒரு கல்.

"கல்லுன்னு நெனைக்காதே. இதுல ஒரு வார்டு ஜனமே குடியிருக்கு" என்றார் என்னிடம்.

"தண்ணியோட மேல ஏறி வந்திருக்கியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்றாள் அம்மா.

"அக்கா, மெதுவா. தீவுலேர்ந்து கல்ல எடுக்கப்படாது. கப்பல்ல தெரிஞ்சா என் சோறு போச்சு."

"பின்னே எதுக்குடா கொண்டாந்தே?"

"சும்மாதான். பிள்ளை பாக்கட்டும்னு."

தம்பி செய்கிற தப்பை அவள் முதலில் திட்டுவாள், பிறகு அதற்கு ஒரு பாத்திரம் தேடிக் கொடுப்பாள். அன்றும் அப்படித்தான். பெட்டிக்கடைகளில் மிட்டாய் போட்டு வைக்கும் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று எங்களிடம் இருந்தது. கொச்சியில் அதற்குப் பரணி என்று பெயர். அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். சிந்தினாலும் தரையில் இறங்கக் கூடாது என்று, அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த வெண்கல உருளியின் நடுவில் பரணியை வைத்தோம். பின்பக்கத்து அறையில், உப்பங்கழிக் காயலைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே, டிரங்குப் பெட்டிக்கு மறைவில் இடம் கொடுத்தோம். காலை வெயில் அங்கே நன்றாக விழும். அப்பா அந்த அறைக்கு வருவதில்லை.

மாமா கல்லை இறக்கி வைத்து, டின் தண்ணீரை ஊற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில் வெளிப்பக்கம் சாக்பீஸால் கோடு போட்டார். தினமும் கொஞ்சம் வற்றும். வற்றியதைக் குடிதண்ணீரால் நிரப்பினால் போதும், போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே இருக்கும் என்றார். அம்மாவுக்கு அது கடைசிவரை நம்பிக்கையாகவில்லை. நான் குடிதண்ணீர் ஊற்றும்போதெல்லாம் ஒரு சிட்டிகை உப்போடு பின்னால் வந்து நிற்பாள். சோற்றுக்கு உலை வைத்த கை.

"இதுக்குக் காத்து வேணும்" என்றார் மாமா. "கடல்ல அலை அடிக்குது. இங்க யாரு அடிப்பா? நீதான் அடிக்கணும்." ஒரு தம்ளரில் பரணித் தண்ணீரை மொண்டு, கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி, சாயா ஆற்றுவதுபோல மெல்லிய நூலாகத் திரும்ப ஊற்றினார். ஆடுகிற கப்பலில் நூறு பேருக்குச் சாயா அடித்த கை. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. காலையில் இருபது தடவை, சாயங்காலம் இருபது தடவை. அது என் வேலையானது. முதல் நாள் உருளியில் பாதித் தண்ணீர் விழுந்தது. பத்து நாளில் எனக்கும் கை படிந்துவிட்டது.

மாமா கப்பலுக்குப் போனார். நான் பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் பரணிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் கல் வெறும் கல்லாகத்தான் இருந்தது. நாலாவது நாள் காலையில் வெயில் விழுந்ததும், கல்லின் ஒரு பக்கத்தில் அழுக்குப் பொத்தான்கள்போல ஒட்டியிருந்தவை ஒவ்வொன்றாக விரிந்தன. பச்சை நிறம், சுற்றிலும் கண்ணிமை மயிர்போல நூல்கள். மொத்தம் பதினேழு. இன்னொரு துவாரத்திலிருந்து ஒரு சின்ன விசிறி வெளியே வரும். என் நிழல் பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே போய்விடும். மிளகு அளவில் ஒரு நத்தை கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே ஏறும், இறங்கும். துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சியின் நுனியில் இறால்பொடி ஒட்டி நான் உள்ளே நீட்டுவேன். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு பொருள் இருந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம் பரணிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. பரணியைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. உருளியும் உலர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டக்'. இரண்டு நாள் காவல் இருந்த பிறகுதான் ஆளைப் பார்த்தேன். கல்லின் அடியில் ஒரு பொந்து. அதற்குள் விரல் கணு நீளத்தில் ஓர் இறால். ஒரு கை சாதாரணமாக இருந்தது. மறு கை உடம்பில் பாதி பெரிதாக, பாக்குவெட்டியை மாட்டிக்கொண்டதுபோல இருந்தது. அந்தக் கையை அது மூடும்போதுதான் சத்தம் வந்தது. ஈர்க்குச்சியைப் பொந்துக்கு அருகில் கொண்டுபோனால் தவறாமல் ஒரு சொடக்குப் போடும். நான் அதற்குச் சொடக்கன் என்று பெயர் வைத்தேன்.

சொடக்கன் கீழேயும் கேட்கிறான் என்பது எனக்குத் தெரியாது.

முதலாளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் காதால் பிழைத்தவர். ஒரு கை சுக்கை அள்ளிக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கிப் பார்த்து, இன்னும் இரண்டு வெயில் வேண்டும், இது போதும் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. சாயங்காலம் கடைத்தெருவில் உந்துவண்டிகளின் சத்தம் அடங்கிய பிறகு அவர் கிடங்கின் உட்புறத்தில் நாற்காலி போட்டு உட்காருவார். அவர் தலைக்கு நேர் மேலேதான் எங்கள் ஜன்னல் அறை. பரணி உருளிக்குள், உருளி பலகைமேல், பலகை உத்திரத்தின்மேல். சிந்தாமல் இருக்க நாங்கள் வைத்த வெண்கல உருளிதான் சொடக்கனின் சத்தத்தை வாங்கி, பெரிதாக்கி, உத்திரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. இது எனக்குப் பின்னால் புரிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது அப்பா சொன்னார். "முதலாளிக்கு உத்திரத்துல சத்தம் கேக்குதாம். மரம் விரிசல் விடுற சத்தம்னு சொல்றார்."

சொடக்கன்தான் என்று எனக்குப் புரிந்தது. மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் எனக்கு எட்டிய புத்திப்படி ஒன்று செய்தேன். உருளியைப் பரணியோடு அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோனேன். அந்தக் கோடி வேறோர் உத்திரத்தின்மேல் இருந்தது. அன்று சாயங்காலம் முதலாளிக்கு இரண்டாவது உத்திரத்திலும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. முதலாளி ஆசாரியை வரவழைத்தார். ஆசாரி ஏணி போட்டு ஏறி, கொட்டாப்புளியால் இரண்டு உத்திரத்தையும் தட்டி, காதை வைத்துக் கேட்டாராம். அந்த நேரம் பார்த்துச் சொடக்கன் ஒன்று போட்டிருக்கிறான். ஆசாரி இறங்கி வந்து, தேக்குதான், நல்ல மரம்தான், ஆனால் இரண்டும் நோகுது, ஒன்றோடொன்று பேசிக்கொள்கிறது, மேலே உள்ள பாரத்தை இறக்காவிட்டால் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார். பாரம் என்றால் நாங்கள். அப்பா, அம்மா, நான், ஒரு டிரங்குப் பெட்டி.

அதைக் கேட்ட சுமை தூக்கும் சுமட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் மூட்டை அடுக்க மறுத்துவிட்டார்கள். "முதலாளி, தலையில சாக்கு எடுப்போம். உத்திரம் எடுக்க மாட்டோம்" என்றாராம் அவர்களில் மூத்தவர்.

முதலாளி அப்பாவைக் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் மாடியை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார். தளத்தையே பிரிக்கப்போவதாகச் சொன்னார். எங்களுக்குப் போக்கிடம் என்று இருந்தது ஏலூரில் பெரியப்பாவின் வீடு. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒற்றை அறை, அதில் ஏற்கெனவே ஆறு பேர். அப்பா தினமும் அங்கிருந்து வந்து ஏழு மணிக்குக் கதவு திறக்க முடியாது. அப்படியானால் வேலையும் நிலைக்காது. அம்மா அன்றே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். ஒரு பாத்திரத்தைக் கட்டுவாள், அரை மணி கழித்து அவிழ்ப்பாள், வேறு விதமாகக் கட்டுவாள்.

நான் இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அம்மாவைப் பின்னறைக்குக் கூட்டிப்போய், ஈர்க்குச்சியை நீட்டிச் சொடக்கனைக் காட்டினேன். அவன் ஒன்று போட்டான். அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இதுவாடீ?"

"இதுதான்."

"இத்தனை நாளு ஏன் சொல்லல?"

நான் அழுதேன். அன்று மதியம் அப்பா சாப்பிட வந்தபோது அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தம்பி, டின், கல், பரணி எல்லாம். அப்பா கை கழுவிவிட்டு மேலே வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து நான் பார்த்தது அன்றுதான். பரணிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பச்சைப் பொத்தான்கள் பதினேழும் விரிந்திருந்தன. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எது சத்தம் போடுவது என்று மட்டும் கேட்டார். காட்டினேன்.

"கொண்டுபோய்க் காயல்ல கொட்டிடலாம். யாருக்கும் தெரியாது" என்றாள் அம்மா.

"கொட்டினா சத்தம் நிக்கும். ஆசாரி சொன்ன சொல்லு நிக்காதே" என்றார் அப்பா. "சத்தம் ஏன் வந்துச்சுன்னு காட்டணும்."

"காட்டினா யாரு கொண்டாந்ததுன்னு கேப்பார். தம்பி பேரு வெளிய வந்தா? முதலாளி சரக்கு அந்தக் கப்பல்லதானே போகுது. ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அவனை எறக்கி விட்ருவாங்க."

அப்பா எழுந்து, இரண்டு கையாலும் உருளியைப் பரணியோடு தூக்கினார். அம்மா ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஈர்க்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மாடிப்படி செங்குத்து. பன்னிரண்டு படி. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி நின்று நின்று இறங்கினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. கீழே எடை போடும் இரும்புத் தட்டின்மேல் உருளியை வைத்தார். முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்தார். மூட்டை மேல் சாய்ந்திருந்த சுமட்டுக்காரர்கள் நாலைந்து பேர் சுற்றிவந்தார்கள். நான் நாலாவது படியோடு நின்றுவிட்டேன்.

"முதலாளி, உத்திரத்துக்கு ஒண்ணுமில்ல. இதுக்குள்ள ஒரு இறால் இருக்கு. சத்தம் போடுறது அதுதான்."

முதலாளி பரணியைப் பார்க்கவில்லை, பரணிக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்தார். "இது மேலயா இருந்தது?"

"ஆமா."

"ஆரு கொண்டுவந்தது? கப்பல்ல ஓடுறானே, பெண்டாட்டியோட தம்பி, அவனா?"

"இல்ல முதலாளி. அவனுக்கு இது தெரியாது. ஃபோர்ட்டுக் கொச்சிக் கரையில பாறையோட கெடந்தது, நான்தான் எடுத்துட்டு வந்தேன். என்னோடது."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. என்னோடதாம். ஒரு தம்ளர் தண்ணீர் அவர் ஆற்றியிருக்கிறாரா? காலையில் இருபது, சாயங்காலம் இருபது யார் அடித்தது? பச்சைப் பொத்தான்களுக்கு எத்தனை மணிக்கு வெயில் வேண்டும் என்று அவருக்குத் தெரியுமா? அரை மணி நேரம் முன்புதான் முதல்முதலாகப் பார்த்தார். பார்த்ததும் எடுத்துக்கொண்டார். எல்லார் முன்னாலும், கூசாமல்.

எல்லாரும் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள். சொடக்கன் போடவில்லை. வெளிச்சமும் ஆட்களும் இரைச்சலும் அவனுக்குப் புதிது. பொந்துக்குள் ஒடுங்கிவிட்டான். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. பக்கத்துக் கடையிலிருந்து சாயா வந்தது. முதலாளி குடித்தார், அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இதுக்கும் யூனியன் உண்டோ? மத்தியான ஊணு நேரம் பணி எடுக்காது போல" என்றார் ஒரு சுமட்டுக்காரர். இங்கே எல்லாரும் அப்பாவை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கறி வைக்க வாங்கின செம்மீனுக்கு அண்ணாச்சி கத கட்டுறாரு" என்றார் இன்னொருவர், இறாலைச் சொல்லி. சிரித்தார்கள்.

அப்பா கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். சட்டையின் முதுகு நனைந்திருந்தது. ஒருமுறை தலையைத் தூக்கிப் படியில் நின்ற என்னைப் பார்த்தார். என் கையில் ஈர்க்குச்சி இருந்தது. இறங்கிப் போய்ப் பொந்துக்கு அருகே அதை நீட்டினால் போதும் என்று எனக்குத் தெரியும். அது எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். நான் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவருடையது என்றால் அவரே சத்தம் போட வைக்கட்டும் என்று நினைத்தேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

முதலாளி சாயாக் கிளாஸைக் கீழே வைத்தார். "போதும் அண்ணாச்சி. வீடு போகுதுன்னு இப்படியொரு கத வேண்டாம். அதும் என் சரக்குக்கு மேல தண்ணியக் கொண்டு வச்சிட்டு." குரல் உயரவில்லை. அவர் கோபம் வந்தால் மெதுவாகப் பேசுகிறவர்.

மூத்த சுமட்டுக்காரர் குனிந்து, பரணிக்கு மேல் முகத்தை வைத்துப் பார்த்தார். "உள்ளே ஒண்ணுமில்லா முதலாளி. கல்லுதான். செத்த கல்லு."

செத்த கல் என்று அவர் சொன்னதை என்னால் பொறுக்க முடியவில்லை. அப்பாவுக்காக இறங்காத படியை அந்தச் சொல்லுக்காக இறங்கினேன். யார் முகத்தையும் பார்க்காமல் போய், ஈர்க்குச்சியைப் பொந்தின் வாயில் நீட்டினேன்.

'டக்.'

இரும்புத் தட்டின்மேல் வெண்கலம் இருந்ததால் மேலே கேட்டதைவிடப் பெரிதாகக் கேட்டது. மூத்த சுமட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். மற்றவர்கள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. சுக்கைக் குலுக்கிக் கேட்கும்போது வைக்கிற மாதிரி, பரணி வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார்.

"மோளே, இன்னொரு தடவை."

'டக்.'

"இன்னும் ஒண்ணு."

மூன்றாவது தடவைக்குப் பிறகு நிமிர்ந்து உத்திரத்தைப் பார்த்தார். "இதே. இதே சத்தம்தான்" என்றார். அப்போதுதான் அவருக்கும் சிரிப்பு வந்தது. தளம் பிரிக்க ஆசாரி வர வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆளை அனுப்பினார். உத்திரம் பேசுகிறது என்று சொன்ன ஆசாரியை நினைத்து எல்லாரும் இன்னொரு முறை சிரித்தார்கள். அப்பாவும் கொஞ்சம் சிரித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன்.

முதலாளி போய், ஜன்னல் அறைக்கு நேர் கீழே இருந்த மூட்டைகளைத் தடவினார். கையை முகர்ந்தார். "எத்தனை நாளு மேல இருந்தது?"

"நாப்பது நாளு இருக்கும். ஒரு சொட்டு விழல முதலாளி."

"விழல. நானும் பார்த்தேன். விழாதது பாக்கியம்." கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "மாடியில இருந்துக்கோ. பிள்ளைக்குப் பரீட்சை இருக்கில்ல. இதை இன்னைக்கே கொண்டுபோய்க் கடல்ல விட்டுடு" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையை மேலாக வைத்துக் கையை நீட்டினார். என்ன கேட்கிறார் என்று அப்பாவுக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தார்.

சுமட்டுக்காரர்கள் மூட்டை எடுக்கப் போய்விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வெயில் தாழ்வதற்குள் அப்பா சைக்கிளில் என்னை ஃபோர்ட்டுக் கொச்சிக் கரைக்கு அழைத்துப்போனார். கல்லை அதே எண்ணெய் டின்னுக்கு மாற்றி, என் மடியில் வைத்துப் பின்னால் உட்காரச் சொன்னார். வழியெல்லாம் சைக்கிள் குலுங்கித் தண்ணீர் என் பாவாடையில் சிந்தியது. சிந்தட்டும் என்று விட்டுவிட்டோம். கரையில் கொட்டியிருக்கும் பாறைகளுக்கு நடுவே, தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த ஓர் இடுக்கில், அப்பா முழங்கால் நனைய இறங்கி, கல்லை வைத்தார். நான் சொன்னபடி பச்சைப் பொத்தான்கள் உள்ள பக்கத்தை மேலே பார்க்க வைத்தார். அதெல்லாம் அங்கே உயிரோடு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. இப்போது என் மகனிடம் கேட்டால் இருக்காது என்றுதான் சொல்வான்.

"அது உங்களோடது இல்ல" என்றேன். அன்று முழுவதும் அவரிடம் நான் பேசியது அது ஒன்றுதான்.

"ஆமா. உன்னோடதுதான்" என்றார்.

"பின்னே எதுக்கு அங்க அப்படிச் சொன்னீங்க?"

அவர் குனிந்து வேட்டியைப் பிழிந்தார். திருடியவர்களுக்குப் பதில் இருக்காது என்று நான் முடிவு செய்துகொண்டேன். அடுத்த வாரம் மாமா வந்தபோதும், கல் என்னவாயிற்று என்று அவர் கேட்டதற்கு அப்பாவைக் கைகாட்டிவிட்டேன். மாமா அப்பாவிடம் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார். அப்பா எழுந்து கீழே போகவில்லை, உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அதையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். திருட்டில் இரண்டு பேரும் கூட்டு என்று நினைத்தேன்.

அன்று கரையிலிருந்து திரும்பும்போது சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வீடு கிடைத்துவிட்டது. அம்மா பாத்திரங்களை அவிழ்த்துவிட்டாள். மாமாவின் வேலைக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்கு இனிமேல் காலையில் சாவியைத் தேடிக்கொண்டு அவசரமாக ஓட வேண்டியதில்லை, அவருக்கு அது நல்லதுதான். அன்றைக்கு எதையாவது இழந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அவர் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொள்ளாமல், சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வீடுவரை வந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதலாளியின் மருமகன் வந்து பண்டகசாலையைத் திறந்தார். அப்பா வாசலில் நின்று காத்திருந்து, அவருக்குப் பின்னால் உள்ளே போனார்.